படிக்கட்டில் கூட்டம், கம்பியில் கூட்டம்

ஆடிக் கிருத்திகை நாளில் திருத்தணி மலையைப் பார்த்திருக்கிறீர்களா? சென்னையிலிருந்து வரும் மின்சார ரயில்களும், வேலூர், சித்தூர், திருப்பதிப் பக்கத்துப் பேருந்துகளும் விடியுமுன்பே மக்களைக் கொண்டுவந்து இறக்கத் தொடங்கிவிடும். மஞ்சள் உடையும் பூக்காவடியுமாக, தமிழும் தெலுங்கும் கலந்து ஒலிக்கும் அந்தக் கூட்டம் சரவணப் பொய்கையில் நீராடி மலையேறும். ஆண்டின் நாள்களைக் குறிப்பதாகச் சொல்லப்படும் 365 படிகளிலும் கால் வைக்க இடமிராது. டிசம்பர் 31 அன்று நடக்கும் திருப்படித் திருவிழாவிலும் இதே காட்சிதான்.

சாதாரண நாள் ஒன்றில் அதே மலைக்குப் போனால், சற்று நேரத்தில் தரிசனம் முடித்து இறங்கிவிடலாம். இரண்டு நாள்களுக்கும் என்ன வேறுபாடு? மலை அதே மலை. படிகள் அதே 365. சந்நிதி வாசலின் அகலமும் மாறவில்லை. மாறியது வருவோரின் தொகை ஒன்றே.

இனி மலையடிவாரத்துக் கடைத்தெருவுக்கு வாருங்கள். காலை 11 மணி. கணிப்பொறி வைத்திருக்கும் ஒரு கடையில் ஒருவர், மறுநாள் ரயிலுக்குத் தட்கல் சீட்டு வாங்கக் காத்திருக்கிறார். மணி அடித்ததும் திரையில் வட்டம் சுழல்கிறது, சுழன்றுகொண்டே இருக்கிறது. ‘சர்வர் டவுன்’ என்கிறார் கடைக்காரர். மறுபடி திரை வரும்போது இடங்கள் எல்லாம் தீர்ந்துவிட்டன.

மலைமேல் நிற்கும் கூட்டமும், கண்ணுக்குத் தெரியாமல் கம்பியில் நிற்கும் இந்தக் கூட்டமும் ஒரே கணக்குக்குக் கட்டுப்பட்டவை என்றால் வியப்பாக இருக்கும். அந்தக் கணக்கை மனிதன் கண்டறிந்த வரலாற்றையும், ஒரே நேரத்தில் பல லட்சம் பேர் மோதினாலும் ஓர் இணையதளத்தை விழாமல் காக்கக் கற்ற வரலாற்றையும் இங்கே காண்போம்.

வரிசையின் கணக்கு

முதலில் ஓர் எளிய கணக்கு. மலைக்கு நிமிடத்துக்கு 50 பேர் வருவதாகவும், ஒவ்வொருவரும் வரிசையிலும் சந்நிதியிலுமாகச் சராசரியாக 120 நிமிடம் இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். எந்த நேரத்திலும் மலைமேல் எத்தனை பேர் இருப்பார்கள்? 50-ஐ 120-ஆல் பெருக்குங்கள், 6,000 பேர். இந்த உறவு எளிதாகத் தோன்றினாலும், எல்லா வகை வரிசைக்கும் இது பொருந்தும் என்று முறையாக நிறுவியவர் ஜான் லிட்டில் என்ற அமெரிக்க அறிஞர். ஆண்டு 1961. இதற்கு லிட்டில் விதி என்று பெயர்.

இப்போது இதையே ஓர் இணையதளத்துக்குப் பொருத்துவோம். நீங்கள் ஒரு பக்கத்தைக் கேட்கும்போது, அந்தக் கோரிக்கை தொலைவில் உள்ள சர்வர் என்னும் கணிப்பொறிக்குப் போகிறது. அது விடையைத் தேடி எடுத்து அனுப்புகிறது. நொடிக்கு 5,000 கோரிக்கைகள் வருகின்றன. ஒவ்வொன்றையும் முடிக்க நொடியில் ஐந்தில் ஒரு பங்கு ஆகிறது என்றால், எப்போதும் 1,000 கோரிக்கைகள் சர்வருக்குள் இருக்கும். ஏதோ காரணத்தால் பதிவேடு மெதுவாகி, ஒவ்வொன்றுக்கும் 4 நொடி பிடித்தால்? உள்ளே நிற்பவை 20,000 ஆகிவிடும். ஒவ்வொரு கோரிக்கையும் நினைவகத்தில் சிறிது இடம் பிடித்து வைத்திருக்கும். இடம் தீர்ந்ததும் சர்வர் புதியவற்றை ஏற்க மறுக்கும், அல்லது அடியோடு நின்றுபோகும். வருவோர் தொகை ஒன்றுகூட ஏறவில்லை என்பதைக் கவனியுங்கள். வேகம் குறைந்தது, அதுவே கூட்டத்தை உண்டாக்கிவிட்டது.

இன்னொரு உண்மை இதைவிட வியப்பானது. ஒரே ஒரு சன்னலில் ஒருவர் சீட்டுக் கொடுக்கிறார். மக்கள் ஒழுங்கின்றி, தோன்றிய நேரத்தில் வருகிறார்கள் என்று கொள்ளுங்கள். அவருடைய நேரத்தில் பாதி மட்டும் வேலையில் கழிந்தால், சன்னலில் இருப்பவர் சராசரியாக ஒருவர். 80 சதவீதம் வேலை என்றால் 4 பேர். 90 சதவீதம் என்றால் 9 பேர். 95 சதவீதத்தில் 19 பேர். 99 சதவீதத்திலோ 99 பேர்! கடைசி ஒன்பது சதவீதம் வேலை கூடியதற்கு வரிசை பதினொரு மடங்காகிவிட்டது. ‘நேற்றுவரை நன்றாகத்தானே ஓடியது, இன்று ஏன் விழுந்தது?’ என்ற கேள்விக்கு விடை இந்தக் கணக்கில் இருக்கிறது. நெரிசல் படிப்படியாக ஏறுவதில்லை. ஓர் எல்லையைத் தொட்டதும் செங்குத்தாக எழுகிறது.

தொலைபேசி சொன்ன பாடம்

வரிசையை அறிவியலாக்கியது தொலைபேசி. நம் நாட்டில் 1882 ஜனவரியில் கல்கத்தா, பம்பாய், சென்னை நகரங்களில் தொலைபேசி நிலையங்கள் திறக்கப்பட்டன. அக்காலத்தில் ஒருவர் பேச விரும்பினால், நிலையத்தில் உள்ள பணியாளர் கம்பியைச் செருகி இணைப்புத் தர வேண்டும். இரண்டு ஊர்களுக்கிடையே எத்தனை கம்பி இழுப்பது? குறைவாக இழுத்தால் மக்கள் காத்திருந்து சலிப்பார்கள். கூடுதலாக இழுத்தால் செம்பும் பணமும் வீண்.

இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டவர் டென்மார்க்கைச் சேர்ந்த ஏ. கே. எர்லாங். 1878-இல் பிறந்த அவர் சில ஆண்டுகள் பள்ளிகளில் ஆசிரியராக இருந்துவிட்டு, 1908-இல் கோபன்ஹேகன் தொலைபேசிக் கம்பெனியில் சேர்ந்தார். மறு ஆண்டே, தொலைபேசி அழைப்புகள் நிகழ்தகவு விதிகளுக்கு உட்பட்டு வருகின்றன என்று காட்டும் கட்டுரையை வெளியிட்டார். 1917-இல் வெளிவந்த அவருடைய வாய்பாடுகளைத் தொலைபேசிப் பொறியாளர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள். பேச்சுப் போக்குவரத்தை அளக்கும் அலகுக்கே எர்லாங் என்று பெயர். ஒரு கம்பி இடைவிடாமல் பேச்சில் இருந்தால் அது ஒரு எர்லாங்.

எர்லாங் வாய்பாடு தரும் ஒரு விடையைப் பாருங்கள். ஓர் ஊரில் பத்து எர்லாங் அளவு பேச்சு நடக்கிறது. நூற்றில் ஒருவருக்கு மேல் ‘லைன் கிடைக்கவில்லை’ என்று திரும்பக்கூடாது. எத்தனை கம்பி வேண்டும்? பத்து போதாது, 18 வேண்டும். இதுபோன்ற பத்து ஊர்களுக்குத் தனித்தனியே இழுத்தால் 180 கம்பிகள். ஆனால் பத்து ஊர்ப் பேச்சையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே தொகுப்புக் கம்பிகளில் விட்டால்? 117 கம்பிகளே போதும்! ஓர் ஊரில் கூட்டம் மிகும் நேரத்தில் வேறோர் ஊரில் குறைந்திருக்கும். ஒன்றின் குறைவு மற்றொன்றின் மிகுதியை ஏற்றுக்கொள்ளும்.

இன்று ‘கிளவுட்’ என்று சொல்லப்படும் பெரிய கணிப்பொறிக் கூடங்களின் பொருளாதாரம் இதுதான். ஒரு நிறுவனத்துக்குத் தேர்வு முடிவு நாள், இன்னொன்றுக்குத் தீபாவளி விற்பனை, வேறொன்றுக்குக் கிரிக்கெட் ஆட்டம். உச்சங்கள் வெவ்வேறு நாள்களில் வருவதால், பல்லாயிரம் கணிப்பொறிகளைப் பொதுவில் வைத்து, தேவைப்பட்டவருக்குத் தேவைப்பட்ட மணியில் கொடுக்கிறார்கள்.

ஆனால் ஒரு சங்கடம் உண்டு. நாடு முழுவதும் ஒரே நிமிடத்தில் ஒரே இடத்தில் வந்து நின்றால்? அப்போது குறைவும் மிகுதியும் ஒன்றையொன்று ஈடு செய்யா. திருவிழாக் கூட்டம் அப்படிப்பட்டது. தட்கல் கூட்டமும் அப்படிப்பட்டதே.

1986 அக்டோபரில் நடந்தது

இணையம் இன்னும் பொதுமக்களுக்கு வராத காலம். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்துப் பெர்க்லி நகரில் ஓர் ஆய்வகமும் ஒரு பல்கலைக்கழகமும் சுமார் 400 கெஜ தொலைவில் இருந்தன. இரண்டுக்கும் இடையே கணிப்பொறி வலை வழியாக நொடிக்கு 32,000 பிட் என்ற வேகத்தில் செய்தி போய்வந்துகொண்டிருந்தது. 1986 அக்டோபரில் ஒருநாள் அந்த வேகம் திடீரென்று நொடிக்கு 40 பிட்டாக விழுந்தது. அதாவது 800-இல் ஒரு பங்கு! ஒரு தாளைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தே போய்க் கொடுத்திருந்தால் விரைவில் போய்ச் சேர்ந்திருக்கும்.

கம்பி அறுபடவில்லை, இயந்திரம் பழுதாகவில்லை. பின் என்ன நேர்ந்தது? வலையில் சற்று நெரிசல் ஏற்பட்டு, சில செய்திப் பொட்டலங்கள் தவறிவிட்டன. பதில் வராததைக் கண்ட கணிப்பொறிகள் அவற்றையே மீண்டும் அனுப்பின. அதனால் நெரிசல் கூடியது. இன்னும் பல தவறின. மீண்டும் மீண்டும் அனுப்பின. முடிவில், கம்பி முழுக்க ஒரே செய்தியின் மறுபதிப்புகள்தாம் ஓடிக்கொண்டிருந்தன; பயனுள்ள வேலை எதுவும் நடக்கவில்லை.

அந்த ஆய்வகத்தைச் சேர்ந்த வான் ஜேக்கப்சன் இதை ஆராய்ந்து 1988-இல் மருந்தை வெளியிட்டார். பெரிய கம்பி போடுங்கள் என்று அவர் சொல்லவில்லை. ‘பதில் வராவிட்டால், அனுப்பும் வேகத்தைக் குறைத்துக்கொள், ஒவ்வொரு முறை தவறும்போதும் முன்னிலும் கூடுதல் நேரம் பொறு, வழி தெளிந்தால் மெல்ல மெல்லக் கூட்டு’ என்று ஒவ்வொரு கணிப்பொறிக்கும் கற்பிப்பதே அவர் கண்ட வழி. ஒவ்வொருவரும் சற்று அடங்கினால் எல்லோரும் போய்ச் சேரலாம். இந்த அடக்கத்தின் மேல்தான் இன்றைய இணையம் நிற்கிறது.

கணிப்பொறிக்குக் கற்பித்தாயிற்று, மனிதனுக்கு? பக்கம் வராதபோது நாம் என்ன செய்கிறோம்? மறுபடி அழுத்துகிறோம். மறுபடி, மறுபடி. நாம் கைவிட்ட பழைய கோரிக்கை பெரும்பாலும் சர்வருக்குள் இன்னும் நின்றுகொண்டிருக்கும்; அதன்மேல் புதிதாக ஒன்றைச் சேர்க்கிறோம். பத்து லட்சம் பேர் ஐந்து முறை அழுத்தினால், சர்வருக்கு அது ஐம்பது லட்சம் பேர். பெர்க்லியில் நடந்ததை நம் விரல்களால் திரும்பவும் நடத்துகிறோம்.

நகலெடுக்கக் கூடியதும் கூடாததும்

இந்தியாவில் பொதுமக்களுக்கு இணைய இணைப்பு 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். நிறுவனத்தின் வழியாகக் கிடைக்கத் தொடங்கியது. அதே 1995-இல், உலகளாவிய வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில் தம் சக அறிஞர்களிடம் ஒரு கேள்வியை எழுப்பினார். ஓர் இணையதளம் திடீரென்று புகழ் பெற்றால், உலகமே அதன் வாசலில் வந்து நிற்கும்; அந்த நெரிசலைத் தீர்க்கப் புது வழி உண்டா?

கணிதப் பேராசிரியர் டாம் லெய்ட்டனும் அவருடைய மாணவர் டேனியல் லெவினும் இதில் இறங்கினார்கள். அவர்கள் கண்ட வழியை நம் ஊர் முறையில் சொல்லலாம். மலைமேல் பிரசாதம் ஒரே இடத்தில் கொடுத்தால் கூட்டம் மோதும். அதே பிரசாதத்தை அடிவாரத்திலும், பேருந்து நிலையத்திலும், ரயிலடியிலும் கொடுத்தால்? இணையப் பக்கத்தில் உள்ள படங்களும் எழுத்துகளும் நகலெடுக்கக் கூடியவை. அவற்றின் நகல்களை உலகெங்கும் பல ஊர்க் கணிப்பொறிகளில் வைத்துவிட்டால், ஒவ்வொருவரும் தமக்கு அருகில் உள்ளதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

சொல்வது எளிது. எந்த நகல் எந்தக் கணிப்பொறியில் இருக்கிறது என்பதை எப்படி அறிவது? ஒரு கணிப்பொறி கெட்டுப்போனால் முழு ஏற்பாடும் குலையாதா? இதற்கு அவர்கள் 1997-இல் சக ஆய்வாளர்களுடன் ஒரு நுட்பத்தை வெளியிட்டார்கள். எல்லாக் கணிப்பொறிகளையும் ஒரு வட்டத்தின் மேல் புள்ளிகளாக வைப்பது. ஒவ்வொரு பக்கமும் அதற்கு அடுத்து வரும் புள்ளியைச் சேரும். ஒரு புள்ளி மறைந்தால், அதைச் சேர்ந்தவை மட்டும் அடுத்த புள்ளிக்கு நகரும், மற்றவை அசையா. ஒரு கவுண்டர் மூடினால் அதில் நின்றவர்கள் மட்டும் பக்கத்துக் கவுண்டருக்குப் போவது போல. இதை வைத்து 1998-இல் அவர்கள் ஆகமை என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள்.

2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கில் தாக்குதல் நடந்தபோது, செய்தித் தளங்கள் எல்லாவற்றின் மேலும் உலகமே வந்து விழுந்தது. சி.என்.என். தளம் முதலில் தடுமாறியது. பிறகு, படங்களையும் அலங்காரங்களையும் களைந்துவிட்டு, முகப்புப் பக்கத்தை மிகச் சிறிதாக்கிச் செய்தியைத் தொடர்ந்து கொடுத்தது. எல்லாம் கொடுக்க முடியாதபோது இன்றியமையாததை மட்டும் கொடு என்பது அன்று கற்ற பாடம். லெவின் மோதிய விமானங்களில் ஒன்றில் இருந்தார். 31 வயதில் உயிரிழந்தார். அவர் உருவாக்கிய வலை அன்று செய்தித் தளங்களின் சுமையைத் தாங்கிக்கொண்டிருந்தது.

ஆனால் எல்லாவற்றையும் நகலெடுக்க முடியுமா? பிரசாதக் கவுண்டரைப் பத்தாக்கலாம். சந்நிதியைப் பத்தாக்க முடியாது. ரயில் அட்டவணையை ஆயிரம் கணிப்பொறிகளில் நகலெடுத்து வைக்கலாம். ஒரு பெட்டியின் 32-ஆம் எண் இடத்தை யாருக்குக் கொடுத்தோம் என்ற பதிவேட்டை அப்படி வைக்க முடியாது. இரண்டு நகல்களில் இரண்டு பேருக்கு அதே இடம் விற்றுப்போகும். ஆகவே அந்த ஓர் இடத்தைப் பொறுத்தவரை எல்லோரும் ஒரே பதிவேட்டின் முன் ஒருவர்பின் ஒருவராக வந்தே ஆகவேண்டும். இணையதளப் பொறியாளரின் திறமை முழுவதும், எது பிரசாதம், எது சந்நிதி என்று பிரித்தறிவதில் இருக்கிறது.

பிரிக்கத் தவறினால் பணமும் உதவாது. 2013 அக்டோபர் 1 அன்று அமெரிக்க அரசு மருத்துவக் காப்பீட்டுக்காக ஒரு பெரிய இணையதளத்தைத் திறந்தது. காப்பீட்டின் விலையைச் சும்மா பார்க்க வந்தவர்கூட முதலில் கணக்குத் தொடங்கவேண்டும் என்று வைத்திருந்தார்கள். அடிவாரத்திலேயே குறுகிய வாசலை வைத்த கதைதான். தளம் திணறியது, முதல் நாளில் காப்பீட்டில் சேர முடிந்தவர்கள் ஆறே பேர்!

காலை பத்து மணி

நம் நாட்டில் இந்தப் பாடங்கள் எல்லாம் ஒன்றாகக் கூடிய இடம் ரயில் முன்பதிவு. 1985-இல் தில்லியில் கணிப்பொறி முன்பதிவு முன்னோட்டமாகத் தொடங்கியது. பின்னர் தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து மையங்களும் 1999-இல் ஒரே வலையாக இணைந்தன. 2002 ஆகஸ்ட் 3 அன்று ஐ.ஆர்.சி.டி.சி. இணையதளம் சீட்டு விற்கத் தொடங்கியது. முதல் நாளில் விற்றவை முப்பதைக்கூட எட்டவில்லை.

பத்தாண்டுகளில் நிலைமை தலைகீழாயிற்று. கடைசி நேரப் பயணிகளுக்காக 1997-இல் வந்த தட்கல் முறை, ஒரு குறிப்பிட்ட மணியில் நாடு முழுவதையும் இணையதளத்தின் வாசலில் கொண்டுவந்து நிறுத்தியது. காலை 8 மணிக்குச் சாதாரண முன்பதிவும் தட்கலும் ஒன்றாகத் திறந்ததால் நெரிசல் இரட்டிப்பானது. 2012 ஜூலை 10 முதல் தட்கல் 10 மணிக்கு மாற்றப்பட்டது. 2015 ஜூன் 15 முதல் அதுவும் இரண்டாகப் பிரிந்தது: குளிர்சாதன வகுப்புக்கு 10 மணி, மற்றவற்றுக்கு 11 மணி. இதற்கு ஒரு கணிப்பொறிகூடக் கூடுதலாக வாங்கவேண்டியதில்லை என்பதைக் கவனியுங்கள். ஒரு மலைபோல் எழுந்த கூட்டத்தை மூன்று குன்றுகளாகப் பிரித்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

கணிப்பொறிகளையும் பெருக்கினார்கள். 2014 ஆகஸ்டில் வந்த புதிய அமைப்பு, நிமிடத்துக்கு 2,000 சீட்டு என்ற திறனை 7,200 ஆக்கியது; ஒரே நேரத்தில் 40,000 பேர் என்பதை 1,20,000 ஆக்கியது. 2025 மே 22 அன்று ஒரே நிமிடத்தில் 31,814 சீட்டுகள் பதிவாயின. லெய்ட்டனும் லெவினும் தொடங்கிவைத்த நகல் முறையும் இதில் பயன்படுகிறது.

அப்படியானால் திருத்தணிக் கடையில் காத்திருந்தவருக்குச் சீட்டுக் கிடைத்துவிடுமா? இங்கேதான் நாம் நின்று சிந்திக்கவேண்டும். இணையதளத்தின் வேகம் கூடினால் ரயிலில் இடம் கூடாது. பத்து நிமிடத்தில் தீர்ந்த இடங்கள் ஒரு நிமிடத்தில் தீரும். வேகம் கூடக் கூட, ‘யார் முந்தினார்’ என்ற கேள்வியே எஞ்சுகிறது. மனிதனைவிட வேகமாக விவரங்களை நிரப்பும் தானியங்கி நிரல்கள் முந்திக்கொண்டன. தட்கல் திறந்த முதல் ஐந்து நிமிடத்தில் உள்ளே நுழைய முயல்வோரில் ஏறத்தாழப் பாதிவரை இத்தகைய நிரல்களே என்று 2025-இல் ரயில்வே தெரிவித்தது. இரண்டரைக் கோடிச் சந்தேகக் கணக்குகள் முடக்கப்பட்டன. அந்த ஆண்டு ஜூலை 1 முதல் ஆதார் சரிபார்த்த கணக்குகளுக்கு மட்டுமே இணையத்தில் தட்கல் என்றாயிற்று. முதல் அரை மணிநேரம் முகவர்களுக்குத் தடை. பொறியியலில் தொடங்கிய பிரச்சினை நியாயத்தில் வந்து முடிந்ததைப் பாருங்கள்.

வரிசையில் நிற்க முடியாதவர்கள்

ரயில் சீட்டுத் தவறினால் பேருந்தில் போகலாம். 2021-இல் வந்த வரிசை அப்படிப்பட்டதன்று. கொரோனாவின் இரண்டாம் அலை வீசிய ஏப்ரல் 28-ஆம் நாள் மாலை 4 மணிக்கு, 18 வயது முதல் 44 வயது வரையுள்ளோரின் தடுப்பூசிப் பதிவுக்காகக் கோவின் தளம் திறந்தது. தொடக்க நிமிடங்களில் பலருக்குத் தளம் வரவில்லை, வந்தவர்களுக்கு ஓ.டி.பி. வரவில்லை. சற்று நேரத்தில் அது நிமிர்ந்துகொண்டது. முதல் நாளிலேயே ஒரு கோடிக்கு மேற்பட்டோர் பதிவு செய்தார்கள். பொறியியல் நோக்கில் இது சிறிய சாதனையன்று.

ஆனால் பதிவு செய்தவர்களுக்கெல்லாம் ஊசி இருக்கவில்லை. கிடைத்த சில இடங்களும், நல்ல இணைப்பும் விரைந்த விரல்களும் உடையவர்களுக்கே போயின. கைப்பேசி இல்லாதவர், ஆங்கிலம் தெரியாதவர், இணைப்பு மெலிந்த சிற்றூர்க்காரர் வரிசையிலேயே இல்லை. உச்ச நீதிமன்றமும் இந்த ஏற்றத்தாழ்வைச் சுட்டிக் கேள்வி எழுப்பியது. அவ்வாண்டு மே 24 முதல் அந்த வயதினரும் அரசு மையங்களில் நேரில் வந்து பதிவு செய்ய வழி செய்யப்பட்டது. ஜூன் 21 முதல் நாடு முழுவதும் முன்பதிவு இல்லாமலே போய் ஊசி போட்டுக்கொள்ளலாம் என்றாயிற்று. ஓர் இணையதளம் விழாமல் நிற்பது மட்டும் வெற்றியாகாது. அதற்கு வெளியே நிற்பவர்களுக்கும் ஒரு வாசல் இருக்கவேண்டும்.

மாணவர்களாகிய உங்களுக்கு நெருங்கிய வரிசை ஒன்று உண்டு: தேர்வு முடிவு நாள். லட்சக்கணக்கான மாணவர்களும் அவர்களின் உறவினர்களும் ஒரே நிமிடத்தில் அதே தளங்களைத் திறக்கிறார்கள். இதற்கு அழகான ஒரு தீர்வு கையாளப்படுகிறது. முடிவு பல தளங்களில் வெளியாகிறது. அத்துடன், மாணவர் கொடுத்துள்ள கைப்பேசி எண்ணுக்கு மதிப்பெண் குறுஞ்செய்தியாகவே வந்துவிடுகிறது. மக்கள் மலையேறி வந்து கேட்பதற்கு முன்பே செய்தியை வீட்டு வாசலில் சேர்ப்பது! வராத கூட்டத்தைத் தாங்க எந்தச் சர்வரும் தேவையில்லை.

கூட்டத்தை மதிக்கும் முறை

சில தளங்கள் இன்று ‘காத்திருப்பு அறை’ வைக்கின்றன. வந்தவுடன் உங்களுக்கு ஓர் எண். உங்களுக்கு முன் எத்தனை பேர், எவ்வளவு நேரம் ஆகும் என்ற தகவல். சந்நிதி தாங்கும் அளவுக்கு மட்டும் உள்ளே விடுகிறார்கள். எர்லாங் வாழ்ந்த அதே கோபன்ஹேகனில் 2010-இல் இதற்கென்றே கியூ-இட் என்ற நிறுவனம் தோன்றியது பொருத்தமே. எண்ணைக் கண்டவுடன் மனிதன் மறுபடி மறுபடி அழுத்துவதை நிறுத்திவிடுகிறான். முறை வரும் என்ற நம்பிக்கை இருந்தால் நெரிசலில் பாதி தானே குறையும்.

அந்த நம்பிக்கை இல்லாத இடத்தில் என்ன நேரும் என்பதைத் திருத்தணிக்கு அருகிலேயே கண்டோம். 2025 ஜனவரி 8 அன்று, வைகுண்ட வாயில் தரிசனத்துக்கான டோக்கன் வாங்கத் திருப்பதியில் திரண்ட கூட்டத்தின் நெரிசலில் ஆறு பேர் உயிரிழந்தார்கள். கம்பியில் நடந்தால் அது ‘சர்வர் டவுன்’. தெருவில் நடந்தால் அது உயிரிழப்பு. இரண்டிலும் அடிப்படைக் கேள்வி ஒன்றே: காத்திருப்பவர்களுக்கு, தம் முறை வரும் என்று யார் உறுதி தருகிறார்கள்?

ஆகவே, நாளை உங்களில் ஒருவர் பொறியாளராகி ஓர் இணையதளத்தை அமைக்கும்போது இவற்றை நினைவில் கொள்ளுங்கள். கூட்டம் எப்போது வரும் என்று முன்கூட்டி அறியுங்கள். நகலெடுக்கக் கூடியதை நகலெடுங்கள். நேரத்தால் பிரியக் கூடியதைப் பிரித்துவிடுங்கள். பிரிக்க முடியாத ஒற்றை வாசலில் ஒழுங்கான வரிசை வையுங்கள். மிக நெருக்கடியில் இன்றியமையாததை மட்டும் கொடுங்கள். வாசலுக்கே வர முடியாதவர்களுக்கு வேறொரு வழி திறந்து வையுங்கள். பொறியாளராகாமல் வெறும் பயனாளியாக இருந்தாலும் உங்களுக்கு ஒரு பங்கு உண்டு: வட்டம் சுழலும்போது விரலைச் சற்று அடக்குங்கள்.

திருத்தணிகை என்ற பெயருக்கு, முருகன் சினம் தணிந்து அமர்ந்த இடம் என்று பொருள் சொல்வார்கள். போருக்குப் பின் சினம் தணிந்த மலையடிவாரத்தில் அமர்ந்து இந்தக் கட்டுரையை எண்ணிப் பாருங்கள். 1986-இல் திணறிய வலையைக் காப்பாற்றியது பெரிய கம்பியன்று. ஒவ்வொரு கணிப்பொறியும் கற்றுக்கொண்ட தணிவுதான். 365 படிகளையும் அவ்வளவு பெரிய கூட்டம் ஏறிக் கடப்பதும் அதே தணிவினால்தான்.